தயங்காமல் வண்டியை நிறுத்துவோம்

2017ஆம் ஆண்டு. நாங்கள் நாக்பூரில் பணியாற்றிய காலம். வார்தாவில் உள்ள கிளையில் ஆய்வை முடித்துக்கொண்டு, அலுவலர்கள் மூவர் வாடகைக் காரில் மாலை ஏழு மணியளவில் திரும்பிக்கொண்டிருந்தோம். சாலையோரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. சற்றுத் தள்ளி விழுந்து கிடந்த ஒருவர், கையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். "நிறுத்தினால் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேரிடும்" என்றார் எங்களில் ஒருவர். மற்ற இருவரும் மறுப்புச் சொல்லவில்லை. வண்டி நகர்ந்தது. அந்த மனிதர் என்ன ஆனார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அன்று நாங்கள் அறியாதிருந்தது வேறொன்றும் உண்டு. எந்த அலைச்சலுக்கு அஞ்சினோமோ, அதிலிருந்து உதவுவோரைக் காக்கும் ஆணையை உச்ச நீதிமன்றம் அதற்கு முந்தைய ஆண்டே பிறப்பித்திருந்தது. கடன் பத்திரத்தின் ஒவ்வொரு நிபந்தனையையும் வரிவரியாகப் படிக்கும் நாங்கள், இந்த விதியைப் படித்திருக்கவில்லை. நம் வாசகர்களுக்கு அந்தக் குறை நேரலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் தரும் பாதுகாப்பு

மத்திய அரசின் புள்ளிவிவரப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். படுகாயத்திற்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தை மோட்டார் வாகனச் சட்டம் 'பொன்னான நேரம்' என வரையறுக்கிறது. உரிய சிகிச்சை கிடைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுந்த நேரம் அது. அந்த நேரத்தில் காயமுற்றவருக்கு அருகில் இருப்பவர் பெரும்பாலும் வழிப்போக்கரே.

அவருடைய தயக்கத்தை நீக்க வேண்டி, சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளுக்கு 2016 மார்ச் 30 அன்று நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. பின்னர், 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதற்கான விதிகள் 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டன. நல்லெண்ணத்துடன், தாமாக முன்வந்து, பணமோ பரிசோ எதிர்பாராமல் உதவுபவரை இச்சட்டம் 'நல்ல சமாரியர்' என அழைக்கிறது. அவருக்குரிய பாதுகாப்புகள் வருமாறு:

• உதவும்போது கவனக்குறைவால் பிழை நேர்ந்து, அதனால் காயமுற்றவருக்குத் தீங்கோ மரணமோ ஏற்பட்டாலும், அவர்மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர இயலாது.

• பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தெரிவிக்குமாறு காவல்துறை கட்டாயப்படுத்தலாகாது. விரும்பினால் தெரிவிக்கலாம்.

• சாட்சி சொல்வது அவரது விருப்பம். இசைந்தால், அவருக்கு ஏற்ற இடத்திலும் நேரத்திலும் ஒரே முறையில் விசாரணையை முடிக்க வேண்டும். வீட்டிற்கோ அலுவலகத்திற்கோ வரும் காவலர் சீருடையின்றி வர வேண்டும்.

• மருத்துவமனை அவரைத் தடுத்து நிறுத்தவோ, சேர்க்கைக் கட்டணம் கேட்கவோ கூடாது.

செலவு யாருடையது?

பலரைப் பின்வாங்கச் செய்யும் அடுத்த கேள்வி இது. காவல்துறை நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சை அளிப்பது, அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் அவர்தம் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989லேயே தீர்ப்பளித்துள்ளது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தின்படி, விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரையிலான சிகிச்சையை அதற்கெனக் குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் பெறலாம்.

உயிர் காத்தவரைச் சிறப்பிக்கும் திட்டமும் உண்டு. கடுமையாகக் காயமுற்றவரைப் பொன்னான நேரத்திற்குள் மருத்துவமனையில் சேர்த்து உயிர் காத்தவருக்கு 'ராஹ்வீர்' திட்டத்தின்கீழ் ரூ.25,000மும் சான்றிதழும் வழங்கப்படுகின்றன. 2021இல் தொடங்கியபோது இத்தொகை ரூ.5,000ஆக இருந்தது. இதைப் பெற விரும்புவோர் தம் விவரங்களைக் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். தொகை நேரடியாக வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும்.

நிறுத்திய பின் செய்ய வேண்டியவை

முதலில் நம் பாதுகாப்பு. வண்டியைச் சாலையிலிருந்து விலக்கி நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட வேண்டும். பின்னர் 112 அல்லது 108ஐ அழைக்கலாம். தேசிய நெடுஞ்சாலையாயின் 1033. அழைக்கும்போது அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் விரைந்து வந்து சேரும்.

இரத்தம் பெருகும் இடத்தில் தூய துணியை வைத்து, விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருக்கக்கூடும் என்பதால், தீப்பற்றும் அபாயம் போன்ற காரணமின்றி அவரை இழுக்கவோ தூக்கி உட்கார வைக்கவோ கூடாது. குடிக்க எதுவும் தரலாகாது. மூச்சுத் தடைபட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். அச்சத்தில் இருக்கும் அவரிடம், "உதவி வருகிறது" என்று சொல்லி உடனிருப்பதும் பேருதவியே.

நம் இல்லத்திற்கும் ஓர் ஏற்பாடு

விழுந்து கிடப்பவர் நாமாகவும் இருக்கலாம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு ரூ.20 செலுத்தினால், விபத்து மரணத்திற்கு ரூ.2 லட்சம் காப்பீடு கிடைக்கும். 18 முதல் 70 வயது வரையிலான சேமிப்புக் கணக்குதாரர்கள் இதில் சேரலாம். கணக்கிலிருந்து தொகை தானாகவே கழிக்கப்படும் என்பதால், மே மாத இறுதியில் போதிய இருப்பு வைத்திருப்பது அவசியம். கணக்கில் வாரிசுதாரர் நியமனம் பதிவாகியுள்ளதா என்பதையும் தங்கள் கிளையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். இத்திட்டத்தில் சேர்ந்த செய்தியைக் குடும்பத்தினரிடம் சொல்லி வைப்பதும் நன்று. அறியாத காப்பீட்டை எவரும் கோருவதில்லை.

நாக்பூர் சாலையில் அன்று நாங்கள் கடந்து சென்ற மனிதருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அவர் வரவை எதிர்நோக்கி யாரேனும் வாசலில் நின்றிருப்பர். அன்று எங்களுக்கு அச்சம் ஒரு காரணமாக இருந்தது. இக்கட்டுரையைப் படித்த தங்களுக்கு இனி அந்தக் காரணம் இல்லை. அடுத்த முறை சாலையோரத்தில் ஒரு கை அசையக் கண்டால், வண்டியை நிறுத்துங்கள்.