கச்சான் காலத்தில் கணினியின் உஷ்ணம்

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே தன் நீரையெல்லாம் மழையாகப் பொழிந்துவிட்டு, வறண்டு, கீழிறங்குகையில் அமுக்கத்தினால் மேலும் சூடேறி, வைகாசி முதல் ஆவணி வரை மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் வாட்டுகின்ற கச்சான் காற்றின் சுபாவத்தை வேளாண்மை செய்வோரும் மீனவரும் நன்கறிவர். கணினி விளையாட்டில் ஈடுபாடுள்ள நம் இளைஞரும் அதனை அறிந்திருத்தல் அவசியம். அவர்களுடைய மடிக்கணினியின் நலத்தை நிர்ணயிப்பதில் அக்காற்றுக்கும் பங்குண்டு.

முதலில், கணினியின் புரொசெசர் சில்லு எவ்வளவு உஷ்ணத்தைத் தாங்கும்? இன்டெல் கோர் ஐ7-12700எச் என்னும் சில்லுக்கு உற்பத்தியாளர் விதித்த உச்ச எல்லை 100 பாகை செல்சியஸ். ஏஎம்டியின் மடிக்கணினிச் சில்லுகள் பலவற்றில் அது மாதிரிக்கேற்ப 95 முதல் 105 வரை அமையும். எல்லையைத் தொட்டதும் சில்லு தன்னுள்ளிருக்கும் உணரிகளின் மூலம் அதனை உணர்ந்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகையால் அது எரிந்துபோவதில்லை, விளையாட்டே தடுமாறுகிறது. எனினும், எல்லை என்பது தாண்டக்கூடாத உச்சமேயன்றி நித்திய வாசஸ்தலம் அன்று. விளையாடும்போது 75 முதல் 90 வரை இருப்பது சகஜம். ஒரு க்ஷணம் 95ஐத் தொட்டு இறங்கினாலும் அஞ்சவேண்டியதில்லை. மணிக்கணக்காக எல்லையிலேயே நின்றால், சில்லின் மேல் பூசிய வெப்பப் பசை உலரும்; அருகிலுள்ள மின்கலம் தன் கொள்ளளவை விரைவில் இழக்கும்.

அவ்வுஷ்ணத்தை வெளியேற்றும் சாதனம் வெகு நுட்பமானது. 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் உருவாக்கிக் காட்டிய வெப்பக் குழாய்தான் இன்று மடிக்கணினிக்குள் தட்டையான செப்புக் குழாயாக இருக்கிறது. வாவி நீர் ஆவியாகி மேலெழுந்து மழையாய்த் திரும்புவதுபோல, அக்குழாய்க்குள் குறைந்த அமுக்கத்தில் அடைபட்ட சிறிதளவு நீர், சில்லின் அருகே ஆவியாகி, மறுமுனைத் தகடுகளில் குளிர்ந்து நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே மீள்கிறது. தகடுகளின் சூட்டை விசிறி வெளியே தள்ளுகிறது.

இங்கேதான் கச்சான் குறுக்கிடுகிறது. எந்த விசிறியாலும் அறைக்காற்றின் உஷ்ணத்துக்குக் கீழே சில்லை இறக்க இயலாது. அறையில் பத்துப் பாகை கூடினால், அதே வேலையைச் செய்யும் சில்லிலும் ஏறத்தாழப் பத்துப் பாகை கூடும். 25 பாகை அறையில் 85 காட்டும் கணினி, கச்சான் வீசும் பிற்பகலில் தகரக் கூரையின் கீழ் 35 பாகையில் 95ஐ எட்டிவிடும். கடற்காற்று முந்திவரும், வாவியின் கிழக்குக் கரையாகிய எழுவான்கரையில் சிறிது ஆறுதல் உண்டெனினும், அங்கே உப்புக் கலந்த ஈரம் உலோகப் பாகங்களை அரிக்கும். மேற்குக் கரையாகிய படுவான்கரையிலோ வயற்புழுதி தகடுகளை அடைக்கும்.

பரிகாரங்கள் எளியவை. மெத்தையிலும் தலையணையிலும் வைக்காது, கடினமான மேசையில், பின்புறத்தைச் சற்று உயர்த்தி வைத்து, அடியிலுள்ள காற்றுவாயைத் திறந்துவிடவேண்டும். தூசியை அகற்றுகையில், விசிறி இதழ்கள் கட்டுக்கடங்காது சுழலாதபடி பிடித்துக்கொள்ளவேண்டும். வேலையேதுமின்றி இருக்கும்போதே உஷ்ணம் 75ஐத் தாண்டுமாயின், தூசியையோ உலர்ந்த பசையையோ ஐயுற்று, கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டுதல் நன்று.

இவை யாவற்றிலும் மேலானது மின்சக்தியைக் கட்டுப்படுத்துதல். மேற்கூறிய இன்டெல் சில்லின் அடிப்படைச் சக்தி 45 வாற்று. டர்போ எனப்படும் மிகைவேகத்தில் அது 115 வாற்று வரை உறிஞ்சக்கூடும். விநாடிக்கு 60 காட்சிச் சட்டங்கள் என வரம்பிட்டு, மிகைவேகத்தை நிறுத்திவைத்தால், பல விளையாட்டுகளில் கண்ணுக்குப் புலப்படும் நட்டம் சொற்பமே. உஷ்ணத்திலோ பெருங்குறைவு உண்டாகும்.

விளையாடும் அதே யந்திரத்தில்தான் பல வீடுகளில் பரீட்சைப் பாடமும் தொழிற்பயிற்சியும் நடைபெறுகின்றன. அதைக் கருதியேனும், நம் காற்றின் குணமறிந்து அந்த யந்திரத்தைக் காத்துப் பயன்படுத்தும் விவேகத்தை இளைஞர் பழகிக்கொள்வார்களாக.