பழைய வீட்டுக்குப் பொருந்தும் மோட்டார் கொட்டகைக் கதவு

வீட்டுக்கு முகம் அதன் வாசல் என்பர். மோட்டார் கொட்டகையுள்ள வீட்டுக்கோ முகம் இரண்டு. தலைவாசலுக்குத் தேக்குத் தேடி அலையும் நாம், கொட்டகைக்கு மட்டும் கடைகளுக்கு மாட்டும் இரும்பு ஷட்டரை மாட்டிவிட்டு நிறைவடைகிறோம்.

நமது முலுண்ட், 1922-ஆம் ஆண்டில் கிரௌன், கார்ட்டர் என்னும் கட்டடக் கலைஞர்கள் வகுத்த திட்டப்படி, ரயில் நிலையம் தொட்டு ஐந்து சாலைகள் கூடும் பாஞ்ச் ரஸ்தா வரை ஒழுங்குற அமைந்த ஊர். அடுக்குமாடிகள் பெருகிவிட்ட இந்நாளில் பழைய வீடுகளில் எஞ்சியவை சிலவே. அவற்றில் வாழ்வோர் கதவை மாற்றுமுன் மூன்று செய்திகளை எண்ணிப் பார்த்தல் நலம்.

முதலாவது, வீட்டின் காலம். 1920-களின் ஓட்டு வீட்டுக்குப் பலகை அறைந்து சட்டமிட்ட இரட்டைக் கதவே இயல்பானது. அதன் சாய்வுச் சட்டம், கீலுள்ள பக்கத்தின் அடியிலிருந்து எதிர்ப்பக்கத்தின் மேல்முனைக்கு ஏற வேண்டும். மாற்றி அறைந்தால் நாளடைவில் கதவு தொங்கிவிடும். 1930-களிலும் 40-களிலும் மாதுங்காவில் பரவிய ஆர்ட் டெக்கோ பாணி வீடாயின், நேர்கோட்டுச் சட்டங்களும் மேற்பகுதியில் கண்ணாடியும் பொருந்தும். காரைக்குடியிலிருந்து வரவழைத்த சிற்பவேலைக் கதவு எத்துணை அழகியதாயினும் இவ்விடத்திற்கு உரியதன்று.

இரண்டாவது, அகலம். குர்லாவில் உருவான பழைய பியட் வண்டியின் அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. இன்றைய பெரிய வண்டிகள் சில, பக்கக் கண்ணாடிகள் நீங்கலாகவே 1.8 மீட்டரைத் தாண்டுகின்றன. இதற்காகச் சுவரை இடிக்க விரைவோர் உளர். வாயிலின் மேலுள்ள உத்தரம் சுவரின் பாரத்தைத் தாங்கி நிற்பது. பொறியாளர் பார்வையிடாமல் அதில் கை வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். வண்டி வெளியே நின்றால் குடி முழுகிவிடாது.

மூன்றாவது, மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் ஏறத்தாழ 2,200 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. நீர் தேங்கும் தரையைத் தொட்டு நிற்கும் மரம் அடியிலிருந்தே உளுத்துப்போகும். ஆதலின் கதவின் அடி அரை அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். பலகையின் அடிமுனைக்கும் வண்ணம் பூசுதல் வேண்டும்; தச்சரும் வண்ணக்காரரும் மறப்பது அவ்விடத்தையே.

பழைய கதவைக் கழித்துக் கட்டுமுன் நல்ல தச்சர் ஒருவரிடம் காட்டுங்கள். கெட்டது அடிப்பலகை மட்டுமாயின் அதனை மாற்றினாற் போதும். பழைய பர்மாத் தேக்கு இன்று எளிதிற் கிடைப்பதன்று. திருட்டுக்கு அஞ்சுவோர் உட்புறம் ஷட்டர் அமைத்து, வெளியே மரக்கதவை வைத்துக்கொள்ளலாம்.

பிழைப்பு நாடி வந்த ஊரில் முன்னோர் வியர்வை சிந்தி வாங்கிய வீடு இது. அதன் முகத்தைக் காப்பது நம் கடன்.