வூடும் வீடும்: வகுப்பறையில் யாருடைய தமிழ்?

குறிஞ்சிப்பாடியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது கட்டுரை நோட்டில் 'எங்க வூட்டுல தறி இருக்குது' என்று எழுதினேன். வாத்தியார் 'வூட்டுல' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் சாயங்காலம் அதே வூட்டுக்குத்தான் போனார்கள். நான் எழுதியது பிழையல்ல, ஒரு விதியின் விளைவு என்பது தமிழ் எம்.ஏ. படித்தபோதுதான் தெரிந்தது.

விதி இதுதான். ப, ம, வ ஆகிய உதட்டொலிகளுக்குப் பின்னால் இ, ஈ, எ, ஏ வந்து, அடுத்து நாக்கை மடித்து ஒலிக்கும் ட, ண, ள போன்றவை வந்தால், பேச்சில் அந்த உயிர் உ, ஊ, ஒ, ஓ பக்கமாகச் சாய்கிறது. பிடி புடியாகிறது, பிள்ளை புள்ளையாகிறது, பெட்டி பொட்டியாகிறது, பெண் பொண்ணாகிறது. மீன் மூன் ஆவதில்லை, பேசு போசு ஆவதில்லை. அங்கே நாக்கு மடியவில்லை. வீடு வூடாவதும் இந்த வழியில்தான். என் வாத்தியாரும் எங்களைப் 'புள்ளைங்களா' என்றுதான் கூப்பிட்டார். அதே விதி அவர் வாயில் இயல்பு, என் நோட்டில் அசிங்கம். ஏன்?

'கொள்' என்னும் துணைவினையைப் பாருங்கள். 'வந்துகொண்டு' என்பதை ஒருவர் 'வந்துகிட்டு' என்கிறார், இன்னொருவர் 'வந்துண்டு' என்கிறார், நாங்கள் 'வந்துகினு' என்கிறோம். மூன்றும் எழுத்துத் தமிழிலிருந்து விலகியவைதான். ஆனால் 'கினு' மட்டும் சேரியின் அடையாளமாக, சினிமாவில் சிரிப்புக்குரிய குரலாக ஆக்கப்பட்டிருக்கிறது. ஒலியில் இழிவு இல்லை. எந்த வாயிலிருந்து வருகிறது என்பதை வைத்து இழிவு ஏற்றப்படுகிறது. சாதியும் வர்க்கமும் இலக்கணத்தின் பெயரால் வகுப்பறைக்குள் நுழையும் வாசல் இது.

இத்தனைக்கும் தொல்காப்பியம் திசைச்சொல்லைச் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. நம் பக்கத்து விருத்தாசலம் வட்டாரத்திலிருந்து கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியே தொகுத்துவிட்டார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய இமையம் இந்த மண்ணின் பேச்சிலேயே 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதினார். இலக்கியத்தில் நாம் கொண்டாடுகிற மொழி, மூன்றாம் வகுப்பு நோட்டில் சிவப்பு மைக்கு உள்ளாகிறது.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளுக்கு 'மொழிவளம் குறைவு' என்று கல்வியாளர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, வில்லியம் லபோவ் 1969இல் எழுதிய கட்டுரையில், அந்தப் பேச்சுக்கும் ஒழுங்கான இலக்கணமும் தர்க்கமும் உண்டு என்று காட்டினார். 1979இல் ஆன் ஆர்பர் நகரப் பள்ளி வழக்கில், வாசிக்கக் கற்பிக்கும்போது குழந்தையின் வீட்டுமொழியைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. புத்தகத்தில் 'வீடு' என்றிருப்பதைக் குழந்தை 'வூடு' என்று வாசித்தால், அது சரியாகவே வாசித்திருக்கிறது. எழுத்தைக் கண்டு, பொருளை அறிந்து, தன் ஒலியில் சொல்லியிருக்கிறது. அதை வாசிப்புப் பிழை என்று நினைத்து வரிக்கு வரி மறிக்கிற ஆசிரியர், வாசிக்கத் தெரிந்த குழந்தையை வாசிக்கத் தெரியாததாக ஆக்குகிறார்.

எழுத்தறிவு என்பதையும் நாம் ரொம்பச் சுருக்கிவிட்டோம். என் அப்பாவுக்குக் கையெழுத்துதான் போடத் தெரியும். லுங்கியின் கட்டத்தைக் காட்டினால் போதும், பாவில் எந்த நிறத்துக்கு எத்தனை இழை, ஊடையில் எப்போது நாடா மாற்றவேண்டும் என்று கணக்குச் சொல்லிவிடுவார். அது வாசிப்பு இல்லையா? 1996இல் நியூ லண்டன் குழுவினர் பன்முக எழுத்தறிவு என்று பேசியது இதற்கு வெகு அருகில்தான் வருகிறது: பல மொழிகள், மொழிக்குள் பல வழக்குகள், எழுத்தோடு படம், ஒலி, உடலசைவு என்று பொருள் உண்டாக்கும் பல வழிகள்.

பக்கத்து நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு எழுந்த நகரியம். நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகள், வேலைக்கு வந்த தெலுங்கு, மலையாளம், இந்திக் குடும்பத்துப் பிள்ளைகள், ஒப்பந்தத் தொழிலாளர் பிள்ளைகள். 'வூடு' சொல்லும் குழந்தைக்குத் தேவை ஒரு பாலம். தமிழே புதிதான குழந்தைக்குத் தேவை இன்னொரு மொழி. இரண்டு பேரையும் 'மக்கு' என்ற ஒரே பெஞ்சில் உட்காரவைப்பது ஆசிரியரின் அறியாமை.

'அப்போ பரீட்சையில வூடுன்னே எழுதட்டுமா?' என்று தோழர்கள் கேட்பார்கள். வேண்டாம். எழுத்துத் தமிழ் அதிகாரத்தின் மொழி. அதனாலேயே அது உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு உரிமையாகவேண்டும். வட்டார வழக்கைப் போற்றுகிறேன் என்று அவர்களை அங்கேயே நிறுத்துவது இன்னொரு வகை வஞ்சகம். கற்றுக்கொடுக்கிற வழிதான் பிரச்சினை. கரும்பலகையில் ஒருபக்கம் வூடு, புடி, பொட்டி. மறுபக்கம் வீடு, பிடி, பெட்டி. 'என்ன மாறுது, எப்போ மாறுது?' என்று கேட்டால் போதும். நான் எம்.ஏ.யில் படித்த விதியைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். தன் பேச்சுக்கும் இலக்கணம் உண்டு என்று அறிந்த குழந்தை, அடுத்த இலக்கணத்தைப் பயமில்லாமல் கற்கும்.

அன்றைக்குப் பிறகு நான் வகுப்பில் வாய் திறக்க இரண்டு வருஷம் ஆயிற்று. வாய் திறக்காமலே பள்ளியை விட்டு நின்று தறிக்குழியில் இறங்கியவர்கள் என் பெஞ்சிலேயே இருந்தார்கள்.