தைராய்டுச் சுரப்பியும் மாணவரும்

மந்திர் மார்க்கில் நம் மாணவர் நாலு பேர் கூடினால், ஊருக்குப் போகும் ரயில், விடுதிச் சாப்பாடு என்று சுற்றிவிட்டுப் பேச்சு கடைசியில் உடம்பில் வந்து நிற்கும். ஒருவருக்கு ஓயாத அசதி. ஒருவருக்குத் தலைமுடி கொட்டுகிறது. இன்னொருவருக்கு உடல் பெருத்துக்கொண்டே போகிறது. "தைராய்டாக இருக்கும்" என்பார் ஒருவர். "எல்லாம் டில்லித் தண்ணீர்" என்று தள்ளிவிடுவார் மற்றவர். இருவரும் சோதித்துப் பார்த்துச் சொல்பவர்கள் அல்லர். சோதிக்க வேண்டியது எப்போது, வேண்டாதது எப்போது என்பதை உயிர் வேதியியல் படிக்கும் முறையில் நான் இங்கே விளக்க முயல்கிறேன்.

முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழலைத் தழுவிக்கொண்டு கிடப்பது தைராய்டுச் சுரப்பி. எடை ஏறக்குறைய 20 கிராம். உணவிலிருந்து வரும் அயோடினைக் கொண்டு அது தைராக்சின் என்னும் சுரப்பு நீரை ஆக்குகிறது. உடம்பு எந்த வேகத்தில் உழைக்க வேண்டும், எவ்வளவு சூட்டை உண்டாக்க வேண்டும் என்பதையெல்லாம் முறைப்படுத்துவது இந்நீரே. வளர்ந்தவருக்கு நாள்தோறும் வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். ஒரு சிட்டிகை உப்புக்குள் அடங்கிவிடும் அளவுகூட இல்லை.

அந்த அற்ப அளவு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டிய இடம் டில்லிக்கு வடக்கே, இமயத்தின் அடிவாரத்திலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கு. மலையில் பெய்யும் மழையும் உருகும் பனியும் மண்ணின் அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விடுகின்றன. அங்கே கழுத்துக் கழலை வீட்டுக்கு வீடு இருந்தது. 1956இல் டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்கள். இரண்டில் அயோடின் கலந்த உப்பு. ஒன்றில் சாதாரண உப்பு. ஆறு ஆண்டுகளில் முதலிரண்டு வட்டாரங்களில் கழலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. 2006 முதல் உண்பதற்காக விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். இதில் நமக்கு வெட்கம் தரும் செய்தி ஒன்று உண்டு. 2018-19இல் நடந்த நாடளாவிய அயோடின் ஆய்வில், போதிய அயோடினுள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் கடைசியாக நின்றது, தூத்துக்குடியில் உப்பு விளைவிக்கும் நம் தமிழ்நாடே!

அப்படியானால் அயோடின் உப்பு உண்பவருக்குக் கவலை இல்லையா? உண்டு. இன்று நகரங்களில் காணும் தைராய்டுக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. தாய்க்கோ தமக்கைக்கோ இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம்.

அடையாளங்களில்தான் குழப்பம். அசதி, முடி கொட்டுதல், மலச்சிக்கல், மறதி, குளிர் தாங்காமை. தேர்வுக் காலத்தில் இவற்றில் பாதி எல்லாருக்கும் உண்டு. தெற்கிலிருந்து வந்தவர் ஜனவரியில் நடுங்குவது நோயன்று. மார்ச்சு முடிந்து அறைத் தோழி மின்விசிறி போடும்போதும் நாம் ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை என்றால் அது கவனிக்கத் தக்கது. ஒரே ஒரு குறிக்காக ஓட வேண்டாம். இரண்டு மூன்று குறிகள் சேர்ந்து, ஓய்வெடுத்தும் ஆறேழு வாரம் நீடித்தால், மாதவிடாய் முறை தவறினால், குடும்பத்தில் தைராய்டு நோய் இருந்தால் சோதித்தாக வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தல், படபடப்பு, கைநடுக்கம், விழி பிதுங்கல் ஆகியவை சுரப்பு மிகுவதன் அடையாளம். அதற்குக் காத்திருக்கவே கூடாது. கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்று நிமிர்த்தி, ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். விழுங்கும்போது மேலேறி இறங்கும் வீக்கம் தெரிந்தால், வேறு குறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோதனை எளிது, கையிலிருந்து சிறிது இரத்தம். அதில் முதலில் பார்ப்பது டி.எஸ்.எச். என்னும் பொருள். இது தைராய்டில் பிறப்பதன்று. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து வருவது. கட்டட வேலையில் ஆள் சோர்ந்தால் மேஸ்திரியின் குரல் உயரும் அல்லவா? அதுபோலத் தைராக்சின் சற்றுக் குறைந்தாலே டி.எஸ்.எச். பன்மடங்கு உயர்கிறது. ஆகவே அந்த எண் கூடியிருந்தால் சுரப்பி மந்தம் என்று பொருள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சிறிதளவே கூடியிருந்தால் மருத்துவர் உடனே மாத்திரை தராமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லக்கூடும். முடி வளரப் பயோட்டின் மாத்திரை உண்பவர் இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது சில சோதனைகளில் பொய்க் கணக்கைக் காட்டும். கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். விடுதிப் பெண்களின் அசதிக்கு இரத்தச் சோகையும் பெரிய காரணம். மந்திர் மார்க்குக்கு அருகிலேயே ராம் மனோகர் லோகியா அரசு மருத்துவமனை இருக்கிறது.

"தைராய்டு என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும்" என்று சோதனையையே தடுக்கும் பெற்றோர் உண்டு. இந்த மறைப்பு கொடியது. கருவுற்ற முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்வது தாயின் தைராக்சினைக் கொண்டுதான். மருந்து உண்ணும் தாய்க்கு நல்ல குழந்தை பிறக்கும். நோயை மறைத்த தாயின் குழந்தைக்குத்தான் ஆபத்து.

மருந்து தொடங்கினால் மூன்றாம் நாளே பலன் தேட வேண்டாம். இரத்தத்திலுள்ள தைராக்சின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ஆதலால் ஆறு வாரம் சென்றே மறுசோதனை. மாத்திரையை விடியலில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காப்பிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். நம்மவர்க்கு இதுதான் கடினமான பத்தியம்.