ஏரி நீரும் வெப்பநிலையும்



கோடைக்காலத்தில் ஏரியில் இறங்கி நீராடியவர் யாவரும் ஓர் உண்மையை உடம்பால் அறிவர். மார்பளவு நீர் வெதுவெதுப்பாயிருக்கும். காலடி நீரோ குளிர்ந்திருக்கும். இஃது ஏன்?

கதிரவனின் வெப்பம் முதலில் மேல்நீரையே சேருகிறது. வெப்பமுற்ற நீர் விரிந்து இலேசாகிறது. ஆதலின் மேலேயே மிதக்கிறது. காற்று வீசாத நாட்களில் இரண்டும் எளிதிற் கலப்பதில்லை. நீர் மிகக் கனமாயிருப்பது 4 டிகிரி சென்டிகிரேடில். ஆகையால்தான் குளிர்நாடுகளில் ஆழமான ஏரியின் மேற்பரப்பு பனிக்கட்டியாய் உறைந்தாலும், அடியில் 4 டிகிரி நீரில் மீன்கள் உயிர்வாழ்கின்றன.

நீந்துவோர் இதனை மறத்தலாகாது. வெப்பத்தைக் கடத்துவதில் நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வல்லது. 15 டிகிரிக்குக் குறைந்த நீரில் திடீரெனக் குதித்தால், நம்மையறியாமலே மூச்சு வாங்கும். அந்நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் என்ன ஆகும்? நீந்தத் தெரிந்தவரும் மூழ்குவர். மலைநாட்டு ஏரிகளிலும், இமயத்தில் பனியுருகி வரும் ஆறுகளிலும் இந்த அபாயம் உண்டு. மெல்ல இறங்குக, கரையோரமே நிற்க, தனியே செல்லற்க.

இனி மீனைப் பார்ப்போம். மீனின் உடல் நீரின் வெப்பத்தையே பெறும். நீர் சூடேற அதற்குப் பிராணவாயு மிகுதியாய் வேண்டும்; ஆனால் சூடான நீரிற் கரையும் பிராணவாயுவோ குறைவு. ஒரு லிட்டர் நீரில் 0 டிகிரியில் ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமே கரையும். ஆகவேதான் குளிர்நீரை விரும்பும் டிரௌட் மீன் நீலகிரியின் ஓடைகளில் வாழ்கிறது; சமவெளி ஏரியில் வாழாது. கட்லா, ரோகு முதலியனவோ 25 முதல் 30 டிகிரி வரையுள்ள நீரில் நன்கு வளரும்.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். ஒரு சித்திரை மாதத்தில், மாணவருடன் எங்களூர் ஏரியின் மதகருகே சோதனை செய்தேன். தக்கையிட்ட புட்டியில் கல்லைக் கட்டி இறக்கி, அடியில் சேர்ந்ததும் தக்கையை நூலால் இழுத்து, நீர் நிறைந்தவுடன் மேலேற்றி வெப்பமானியை இட்டோம். மேலே 32 டிகிரி, அடியில் 27. அடிநீரில் அழுகிய சேற்றின் நாற்றமும் வீசியது. மக்கும் இலைதழைகள் அங்கிருந்த பிராணவாயுவைத் தீர்த்துவிட்டன என்று விளக்கினேன்.

இரண்டு நாள் கழித்து இரவில் பெருமழை, காற்று. விடிந்தபோது ஏரியெங்கும் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன. கரையில் வெள்ளரி பயிரிட்டிருந்த ஏழை உழவர் ஒருவர் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டார் என்று ஊரார் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அடிப்பதற்கும் கை ஓங்கினர்.

என் மாணவர் இருவர் புட்டியுடன் ஓடினர். மேலும் கீழும் ஒரே 27 டிகிரி! மேல்நீரிலும் அதே சேற்று நாற்றம். மழையும் காற்றும் மேல்நீரைக் குளிரச்செய்து, ஏரியைப் புரட்டிவிட்டன. பிராணவாயுவற்ற அடிநீர் எங்கும் பரவிவிட்டது. இன்னொரு சான்றும் இருந்தது. மேலே வந்து காற்றை விழுங்கும் விராலும் தேளியும் சாகவில்லை. நஞ்சாயின் அவை மட்டும் தப்புமா?

ஊரார் வாயடைத்து நின்றனர். பின்னர் ஒவ்வொருவராய்க் கலைந்தனர். அவ்வுழவர் என்னிடம் வரவில்லை. அம்மாணவர் இருவரின் கைகளையே பற்றிக்கொண்டு நின்றார்.

மாணவர்களே! ஒரு புட்டி, ஒரு நூல், ஒரு வெப்பமானி. அன்று வேண்டியிருந்தவை இவ்வளவே. ஆனால் இரண்டு நாள் முன்னதாகவே நீரை அளந்து, குறித்து வைத்திருந்தோம். அக்குறிப்பு இல்லையேல் எங்கள் சொல்லை யார் கேட்டிருப்பார்கள்? உங்கள் ஊர் நீர்நிலையையும், பெரியவர் ஒருவர் துணையோடு அளந்து எழுதி வையுங்கள்.