ஆர்க்கிட் வேர் பிடிக்க கடல்பாசி டானிக்: திருப்பூர் உப்புத்தண்ணியில் கலந்தால் காசு வீண்!

திருப்பூர்,

பனியன் கம்பெனி வேலை முடிந்து வரும் வழியில், நர்சரியில் பூத்து நிற்கும் ஆர்க்கிட் தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வருபவர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். ஊதா, வெள்ளை நிறத்தில் பூக்கும் டென்ட்ரோபியம் வகைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஒரு தொட்டி சில நூறு ரூபாய். செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதில் போய்விடும்.

வாங்கி வந்த ஒன்றிரண்டு மாதம் பூ நிற்கும். அதற்குப் பிறகுதான் வினை. பூ கொட்டும், இலை மஞ்சளாகும், தண்டு சுருங்கும். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் எல்லாம் அழுகியோ கருகியோ கிடக்கும். நர்சரிக்குப் போய்க் கேட்டால் ஒரு கறுப்புத் திரவ பாட்டிலைக் கையில் கொடுத்து, இதை ஊற்றுங்கள், வேர் வரும் என்கிறார்கள். அதுதான் கடல்பாசி டானிக்.

வேர் வருமா? வரும். ஆனால் வந்த வேர் நிற்குமா என்பதை முடிவு செய்வது டானிக்கைக் கலக்கும் தண்ணி. திருப்பூரில் அங்கேதான் சிக்கல்.

பாட்டிலுக்குள் என்ன?

கடல்பாசி என்றதும் நோன்பு காலத்தில் வீட்டில் காய்ச்சும் கடல்பாசி சிலருக்கு ஞாபகம் வரலாம். அது வேறு. அது வெறும் ஜெல்லி. அதைக் கரைத்து ஊற்றினால் எறும்பு வேண்டுமானால் வரும், வேர் வராது.

டானிக் தயாரிக்கும் பாசிகள் தனி. தென்னாப்பிரிக்க கடலில் வளரும் எக்லோனியா, வடக்கு அட்லாண்டிக் கடலில் வளரும் அஸ்கோபில்லம் ஆகியவை உலக அளவில் பெயர் பெற்றவை. நம்ம ஊர் பாட்டில்களில் அதிகம் இருப்பது கப்பாபைகஸ் என்ற பாசி. இது ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்திலும் வளர்க்கப்படுகிறது.

இந்தப் பாசி நம் கடலுக்குச் சொந்தமானது அல்ல. 1980-களில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்து வளர்த்துப் பார்த்தது. பிறகு மண்டபம் பகுதியில் வளர்ப்பு பரவியது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, அதில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் விடுவார்கள். 45 நாளில் அறுவடை. இந்த வேலையில் மீனவப் பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள். பச்சைப் பாசியை அரைத்துப் பிழிந்தால் வரும் சாறுதான் டானிக். மிஞ்சும் சக்கையில் இருந்து ஐஸ்கிரீம், பற்பசைக்குச் சேர்க்கும் கராஜீனன் எடுக்கிறார்கள். (குருசடை தீவு அருகே இதே பாசி பவளப்பாறை மேல் படர்ந்துவிட்டதாக 2008-ல் விஞ்ஞானிகள் எழுதியதும், அதனால் கிளம்பிய சர்ச்சையும் தனிக்கதை.)

ஆர்டர் வந்தால் போதுமா, நூல் வேண்டாமா?

இந்தச் சாற்றில் ஆக்சின், சைட்டோகைனின் என்ற 2 வகை வளர்ச்சி ஊக்கிகள் இருக்கின்றன. ஆக்சின் வேரைக் கிளப்பிவிடும். சைட்டோகைனின் குருத்தைக் கிளப்பிவிடும். எக்லோனியா சாற்றில் ஆக்சின் பங்கு தூக்கலாக இருப்பதால்தான் வெளிநாட்டு ஆர்க்கிட் பிரியர்கள் அதைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். சாற்றில் இருக்கும் மற்ற சர்க்கரைப் பொருட்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஊக்கி என்பது சாப்பாடு அல்ல. பனியன் கம்பெனி பாஷையில் சொன்னால், அது ஆர்டர் மாதிரி. ஆர்டர் கையில் இருக்கிறது, நூல் வரவில்லை, கரண்டும் இல்லை என்றால் பீஸ் எப்படி இறங்கும்? செடிக்கு உரம்தான் நூல். தண்ணியும் வெளிச்சமும் கரண்ட். கடல்பாசி சாற்றில் சாம்பல் சத்து ஓரளவு உண்டு, தழைச்சத்து பெயருக்குத்தான். அதனால் டானிக்கை மட்டும் ஊற்றிவிட்டு உரத்தை நிறுத்தினால் செடி இளைத்துப் போகும்.

அதிகமாக ஊற்றினாலும் ஆபத்து. ஆக்சின் அளவு கூடினால் வேர் நீளாமல் நின்றுவிடும். சீக்கிரம் வரட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாக ஊற்றுபவர்கள் காசைக் கொடுத்து வளர்ச்சியை நிறுத்துகிறார்கள்.

மழைத்தண்ணி குடித்துப் பழகிய வேர்

காட்டில் டென்ட்ரோபியம், வாண்டா போன்ற ஆர்க்கிட்டுகள் மரத்தில் தொற்றி வளர்பவை. வேர் மண்ணைப் பார்ப்பதில்லை. அந்த வேரைச் சுற்றி ஸ்பாஞ்சு போல ஒரு வெள்ளை உறை இருக்கும். மழை பெய்ததும் அது தண்ணியை உறிஞ்சும், உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். காய்ந்ததும் மறுபடி வெள்ளையாகும். தொட்டியில் இருக்கும் செடிக்கு தண்ணி வேண்டுமா, வேண்டாமா என்று பார்க்க இந்த நிறமே போதும்.

மரத்தின் மேல் இருக்கும் இந்த வேருக்கு கிடைப்பது மழைத்தண்ணி மட்டும். அதில் உப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. லட்சக்கணக்கான வருஷமாக அதையே குடித்துப் பழகிய வேரில்தான் நாம் போர் தண்ணியை ஊற்றுகிறோம்.

டி.டி.எஸ். தெரியாதவர் உண்டா?

தண்ணியில் கரைந்திருக்கும் உப்பின் அளவுதான் டி.டி.எஸ். என்று சாயப்பட்டறையில் வேலை பார்த்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாகி, 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை ஊரே அனுபவித்தது. அதன் பிறகு ஒரு சொட்டு கழிவும் வெளியே விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் பட்டறைகள் திறந்தன. ஆனால் அதற்கு முன்பே பூமிக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு லேசில் போகாது.

குடிதண்ணிக்கு டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது அரசு நிர்ணயம். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஆர்க்கிட்டுக்கோ 200-க்குள் இருப்பது நல்லது. திருப்பூரில் பல இடங்களில் போர் தண்ணி ஆயிரத்தைத் தாண்டுகிறது.

இந்தத் தண்ணியில் கடல்பாசி டானிக்கைக் கலந்தால் என்ன நடக்கும்? பாசி கடலில் விளைந்தது என்பதால் சாற்றிலேயே உப்பு உண்டு. ஏற்கனவே உப்பான தண்ணியில் மேலும் கொஞ்சம் சேர்கிறது. டானிக் தன் வேலையைச் செய்து புது வேரைக் கிளப்பும். அந்த வேரின் பச்சை நுனி பிஞ்சு விரல் மாதிரி. தண்ணி ஆவியாகப் போக, உப்பு மட்டும் வேர் மேல் படிந்து நுனியைக் கருக்கிவிடும். தண்டில் சேர்த்து வைத்திருந்த கொஞ்சநஞ்ச சத்தையும் செலவழித்து விட்ட வேர் அது. அது கருகினால் செடி முன்பைவிட மோசமாகும். டானிக் ஊற்றிய பிறகுதான் செடி செத்தது என்று பலர் சொல்வது பொய் இல்லை. பழியை மட்டும் டானிக் மேல் போடுகிறார்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

மாத்து வழி இருக்கிறது. பவானி ஆற்றில் இருந்து வரும் குழாய் தண்ணி, அதாவது ஊரில் "நல்ல தண்ணி" என்பது, போர் தண்ணியைவிட எவ்வளவோ மேல். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து வைக்கும் மழைத்தண்ணி எல்லாவற்றிலும் சிறந்தது. கேன் தண்ணியும் ஆகும். டானிக் கலக்க மட்டும் என்றால் நாலைந்து தொட்டிக்கு 2 லிட்டர் போதும். செய்யவே கூடாதது ஒன்று உண்டு. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் வேஸ்ட் தண்ணியை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுவது. மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது!

எப்போது, எவ்வளவு?

தண்டின் அடியில் புதுக்குருத்து கிளம்பி சில அங்குலம் வளரும்போதுதான் டென்ட்ரோபியம் புது வேர் விடும். டானிக்குக்கு சரியான நேரம் அதுவே. கத்திரி வெயிலில் செடி தவித்துக்கொண்டு இருக்கும்போது ஊற்றிப் பலன் இல்லை.

முதலில் செடியை வெளியே எடுத்து வேரை விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. உறை கழன்று நடுவில் நூல் மட்டும் நின்றால் செத்துப்போன வேர். அதை நறுக்கிவிட வேண்டும். மண் போடவே கூடாது. கரித்துண்டு, உடைந்த ஓடு, தேங்காய் மட்டைத் துண்டு போதும். காங்கேயம் பக்கம் மட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மட்டையிலும் உப்பு உண்டு என்பதால் இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணியில் ஊறப்போட்டு, தண்ணியை மாற்றி மாற்றி அலசிய பிறகே போட வேண்டும்.

பாட்டிலில் லிட்டருக்கு 2 மில்லி என்று போட்டிருந்தால் 1 மில்லி எடுங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்ச் இருந்தால் அளவு தப்பாது. காலையில், வேர் முழுவதும் நனையும்படி ஊற்ற வேண்டும். மாதம் ஒருமுறை போதும். மற்றபடி வாரம் ஒருமுறை 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம். இடையில் ஒருநாள் வெறும் நல்ல தண்ணியை தொட்டி வழிய ஊற்றினால் தேங்கிய உப்பு இறங்கிவிடும். 10 நாளில் வேர் தெரியவில்லை என்று பதற வேண்டாம், ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும்.

பாலக்காட்டு கணவாய் வழியாக வரும் ஆடிக்காத்து இன்னொரு தொல்லை. செடி ஆடிக்கொண்டே இருந்தால் புது வேர் நுனி உரசி ஒடியும். கட்டுவதற்கு கம்பியைத் தேட வேண்டாம். நம்ம ஊரில் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டில் சாயம் ஏறாத கோரா துணியை நாடா மாதிரி கிழித்துக் கட்டினால் தண்டில் வெட்டு விழாது.

பார்த்து வாங்குங்கள்

கறுப்பாக இருப்பது எல்லாம் கடல்பாசி இல்லை. ஹியூமிக் திரவமும் அதே நிறம்தான். 2021 பிப்ரவரி முதல் இந்த வகை ஊக்கிகள் மத்திய அரசின் உரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. அதில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கும் உச்சவரம்பு உண்டு. கம்பெனி பெயர், பாசியின் பெயர், தயாரித்த தேதி, காலாவதி தேதி இல்லாமல் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதை வாங்க வேண்டாம். வாங்கியதையும் மாடி வெயிலில் வைக்கக்கூடாது. வெளிச்சமும் சூடும் பட்டால் ஆக்சின் வீரியம் இழந்துவிடும். சிறிய பாட்டிலே வாங்குவது லாபம்.

வேர் மொத்தமும் போய், தண்டும் காய்ந்து சுருண்டுவிட்ட செடியை எந்த பாட்டிலாலும் காப்பாற்ற முடியாது. ஆனால் தூக்கி எறியும் முன்பு தண்டின் கணுக்களை ஒருமுறை பாருங்கள். பச்சை மிச்சம் இருந்தால் அங்கே குட்டிச்செடி கிளம்பலாம். அதன் வேர் 2 அங்குலம் வளர்ந்ததும் வெட்டி எடுத்து, கடல்பாசி கலந்த நல்ல தண்ணியில் சில நிமிடம் முக்கி, தனித்தொட்டியில் வைத்துவிடலாம். டானிக்குக்குக் கொடுத்த காசு நன்றாக வேலை செய்யும் இடம் அதுதான்.