குளத்து நீரை மதிப்பிடும் வகை

இராதாபுரம் வட்டாரத்தில் மழை சொற்பம். பெய்வதும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்திலேயே. ஆகவே குளத்து நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும் என்பதை நாற்றுப் பாவுமுன் உத்தேசமாகவேனும் கணக்கிடல் அவசியம். கணக்குத் தவறினால் கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் பயிர் வாடும்.

கால்வாய் நீர்

விநாடிக்கு 1 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடும் நீர், ஏறக்குறைய 2 ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும். இதுவே 2 ஏக்கர் அடி. கோதையாற்று அணைகளினின்று இராதாபுரம் கால்வாயில் விநாடிக்கு 150 கன அடிக்கு மிகாமல் நீர் விட அண்மை ஆண்டுகளில் உத்தரவாகியுள்ளது; எனவே நாளொன்றுக்கு 300 ஏக்கர் அடி. 52 குளங்களைக் கொண்ட இக்கால்வாயின் பாசனப் பரப்பு 17,000 ஏக்கர். ஒரு நாளைய நீரை அத்தனையிலும் பரப்பினால் அங்குலத்தில் ஐந்திலொரு பங்கே நிற்கும். ஆதலின் குளத்தில் தேக்கியதே பயிருக்கு ஆதாரம்.

குளத்து நீர்

ஆழம் பாதியானால் நீரும் பாதி என்று எண்ணுவது பெரும் பிழை. கரையோரம் ஆழமாயும் உள்வாயில் படிப்படியாக மேடாயும் உள்ள ஒரு குளத்தைக் கொள்வோம். நிறைந்தபோது ஆழம் 8 அடி, நீர்ப்பரப்பு 60 ஏக்கர். சராசரி ஆழம் 4 அடியாதலால் கொள்ளளவு 240 ஏக்கர் அடி. ஆழம் 4 அடியாகும்போது பரப்பு 30 ஏக்கராகவும் சராசரி ஆழம் 2 அடியாகவும் குறையும். மிஞ்சுவது 60 ஏக்கர் அடி, அதாவது கால் பங்கே. இரு பக்கங்களும் சரிந்த குளமாயின் இன்னும் குறையும்.

நெல்லுக்கு ஏக்கருக்கு 4 அடி நீர் எனக் கொண்டால் இது 15 ஏக்கருக்கே போதும். பாதி உள்ளதென நம்பி 30 ஏக்கர் நட்டவர் சரிபாதியை இழப்பர். ஆவியாவதும் கசிவதும் இதில் சேரவில்லை.

வரைபடம்

வாரந்தோறும் மதகடியில் ஆழம் பார்த்து, கட்டமிட்ட காகிதத்தில் குறுக்கே வாரங்களையும் மேல்நோக்கி அடிகளையும் வைத்துப் புள்ளியிடுக. வாரம் 10 ஏக்கர் அடி செலவாயின், மேற்கூறிய குளத்தில் முதல் 4 அடி இறங்க 18 வாரமாகும். அடுத்த 4 அடி 6 வாரத்தில் தீரும். புள்ளிகளைச் சேர்க்கும் கோடு வரவரச் செங்குத்தாகச் சரியும். தொடக்கச் சரிவை நேர்கோடாக நீட்டிப் பார்ப்பவர், நீர் நெடுநாள் நிற்குமென ஏமாறுவர்.

கிராம அதிகாரிகள் இப்படத்தைப் பொது இடத்தில் ஒட்டி வைத்தால், முறைப்பாசனத்தை எப்போது தொடங்குவதென்பதை ஆயக்கட்டுதாரர் அனைவரும் கண்ணால் கண்டே முடிவு செய்யலாம்.